பாத்திரம் அறிந்து போட்ட பிச்சை

எங்க ஆபீஸ் கேன்டீன்ல போன மாசம் ஒரு வாக்குவாதம். ஆரம்பிச்சது சிக்னல்ல கை நீட்டுறவங்களைப் பத்தி. "கை கால் நல்லா இருக்கிறவனுக்கு அஞ்சு பைசா குடுக்க மாட்டேன் மச்சி. பாத்திரம் அறிஞ்சு பிச்சை போடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? குடுத்துக் குடுத்து நாமதான் சோம்பேறி ஆக்கறோம்" அப்படின்னான் ஒரு நண்பன். நல்ல பையன்தான். மாசாமாசம் சம்பளத்துல இருந்து ஒரு முதியோர் இல்லத்துக்குப் பணம் போகுது. ரசீது வரும், வரிவிலக்கும் உண்டு :-)

"டேய், இது நீ கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. 1877-லயே ஒரு துரை நம்ம ஊர்ல இதைப் பரிசோதனை பண்ணிப் பார்த்துட்டுப் போயிருக்கார்"னேன். யாரும் நம்பல. டீ பிரேக்ல சொல்லி முடிக்கிற கதையும் இல்ல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். நான் இருக்கிறது மயிலாப்பூர் பக்கம், நொச்சிக்குப்பத்துக்கு நடந்து போற தூரம். ஞாயித்துக்கிழமை லூப் ரோட்டுக்கு மீன் வாங்கப் போற கூட்டத்துல நானும் ஒருத்தன் (இப்ப 2024-ல திறந்த புது அங்காடி). அங்கிருந்து கடலுக்கு முதுகு காட்டி மேற்கே கொஞ்ச நேரம் நடந்தா பக்கிங்காம் கால்வாய் வந்துடும். மேல பறக்கும் ரயில் ஓடுது; கலங்கரை விளக்கம், திருமயிலை ஸ்டேஷன் எல்லாம் இந்தக் கால்வாயை ஒட்டித்தான். கீழ ஓடறதைத் தண்ணின்னு சொல்ல மனசு வராது. மூக்கைப் பொத்திக்கிட்டு தினமும் கடக்கிற ஆயிரக்கணக்கான பேர்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல - அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற அந்தச் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையா வெட்டினது. மண்ணு சுமந்தவங்க, சாப்பாடு கேட்டு வந்தவங்க. பேரு மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவோடது.

தாது வருஷப் பஞ்சம்னு தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-ல பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம், ஐதராபாத்னு தென்னிந்தியா, தக்காணம் முழுக்க 1878 வரைக்கும் நீண்ட பஞ்சம். செத்தவங்க கணக்கு ஆளாளுக்கு மாறும். பொதுவா சொல்ற எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் மேல. இதுல கொடுமை என்னன்னா, நாட்டுல தானியமே இல்லாம போயிடல. சென்னைக் கடற்கரையில மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சிருந்தாங்க. இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதியும் நிக்கல. ஜனங்ககிட்ட வாங்கக் காசு இல்ல, அவ்வளவுதான்.

இதுக்கு ஒரு நூறு வருஷம் பின்னாடி போகணும். 1780-களின் தொடக்கத்துல ஐதர் அலி சண்டையால ஊரே நாசமாகி, கிராமத்து ஜனங்க சென்னைக்கு ஓடி வந்தாங்க. அப்ப ஒரு மணியக்காரர் வட சென்னையில கஞ்சி ஊத்த ஆரம்பிச்சார். 1782-ல் அது மணியக்காரர் சத்திரம் ஆச்சு. 1799-ல் ஜான் அண்டர்வுட்னு ஒரு டாக்டர் அது பக்கத்துலயே வைத்தியமும் ஆரம்பிச்சார். அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்னைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வட சென்னைப் பெரியவங்க இப்பவும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்வாங்க. வந்தவனுக்குக் கஞ்சி, அவன் யார், எந்த ஊர், உழைக்கிற உடம்பாங்கிறதெல்லாம் அப்புறம்.

தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டிய ராஜாக்கள் கட்டின சத்திரங்களும் இதே ரகம். 1801-ல் சரபோஜி கம்பெனிக்காரங்களுக்கு ஒரு கடிதம் எழுதறார்: ராமேஸ்வரம் பாதையில எங்க முன்னோர் கட்டின சத்திரங்கள்ல எல்லா ஜாதி வழிப்போக்கருக்கும் சாப்பாடு உண்டு, சீக்கு வந்தா வைத்தியம் உண்டு, அனாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு உண்டு, இதுல மட்டும் கை வெச்சுடாதீங்கன்னு. ஜாதி பார்த்துப் பந்தி போட்ட காலம்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனா சாப்பாடு கேட்டு வந்தவனை "நீ நிஜமாவே பசியா?"ன்னு சோதிக்கிற டெஸ்ட் மட்டும் இல்ல.

அந்த டெஸ்ட் வந்தது கப்பல்ல. 1834-ல் இங்கிலாந்துல ஏழைகள் சட்டத்தைத் திருத்தினாங்க. உதவி வேணுமா, பணி இல்லத்துக்குள்ள வா. உள்ள இருக்கிற வாழ்க்கை, வெளியே இருக்கிற மகா ஏழைக் கூலியோட வாழ்க்கையை விடவும் மோசமா இருக்கும், அப்பதான் நிஜமாவே வழியில்லாதவன் மட்டும் வருவான் - இதுதான் கொள்கை. 1869-ல் லண்டன்ல அறநிலைய ஒழுங்கமைப்புச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, தெருவுல கண்டவனுக்குக் காசு குடுக்கறது பாவம்ங்கிற அளவுக்குப் பிரசாரம் பண்ணாங்க. விசாரிச்சு, ஃபைல் போட்டு, தகுதி பார்த்துத்தான் குடுக்கணும். நம்ம பழமொழியையே ஆபீஸ் வெச்சு நடத்தினாங்கன்னு வெச்சுக்கோங்களேன்.

இப்ப துரைக்கு வர்றேன். சர் ரிச்சர்ட் டெம்பிள். 1873-74-ல் பீகார்ல பஞ்சம் வந்தப்ப இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி இறக்கி, கணக்குப் பார்க்காம குடுத்து, ஜனங்களைக் காப்பாத்தினார். பஞ்சத்துல செத்தவங்கன்னு கணக்குல வந்தது விரல் விட்டு எண்ணுற அளவுதான். கை தட்டினாங்களா? இல்லீங்க. பணத்தை வாரி இறைச்சுட்டார், ஜனங்களைக் கெடுத்துட்டார்னு லண்டன் வரைக்கும் திட்டு. மனுஷனுக்கு அது சுட்டிருக்கணும். 1877 ஜனவரியில வைஸ்ராய் லிட்டன் அவரைச் சென்னைக்கு அனுப்பறார், செலவைக் குறைக்க. வந்தவர் முழுசா ஆள் மாறி வந்தார்.

நிவாரண வேலைக்கு வர்ற ஆம்பளைக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. பொம்பளைக்கும் குழந்தைக்கும் அதை விடக் குறைவு. இதுதான் 'டெம்பிள் கூலி'. ஒரு பவுண்டுன்னா 450 கிராம் சொச்சம். அரிசி 100 கிராமுக்கு 350 கலோரின்னு கணக்குப் போடுங்க, 1600-ஐத் தாண்டாது. பஞ்ச விலையில அந்த ஒரு அணாவுக்குப் பெருசா எதுவும் கிடைச்சிருக்காது. இதைச் சாப்பிட்டுட்டு நாள் முழுக்க மண்ணு வெட்டணும், கல்லு உடைக்கணும். அது போதாதுன்னு தூர டெஸ்ட்: உடம்பு திடமா இருக்கிறவனுக்கு அவன் ஊர்ல இருந்து பத்து மைலுக்குள்ள வேலை கிடையாது. பசிச்சவன் பத்து மைல் நடந்து வந்தா நிஜப் பசி, வரலைன்னா சும்மா நடிச்சிருக்கான். லாஜிக் எப்படி?

இதை எதிர்த்த ஆளும் வெள்ளைக்காரர்தான். டாக்டர் கார்னிஷ், சென்னை மாகாண சுகாதார கமிஷனர். கடுமையா வேலை செய்யறவனுக்குக் குறைஞ்சது ஒன்றரை பவுண்டு தானியம், கூடவே பருப்பு, காய்கறி வேணும், உங்க படி ஜெயில் கைதிக்குப் போடற படியை விடக் கம்மின்னு எழுதி எழுதிச் சண்டை போட்டார். கடைசியில மாகாண அரசு கொஞ்சம் இறங்கி வந்து, தானியத்தைக் கூட்டி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. அதுக்குள்ள முகாம்கள்ல காலராவும் வயித்துப்போக்கும் புகுந்தாச்சு.

இன்னொரு காட்சி. 1877 ஆகஸ்ட்ல சென்னையில கூட்டம் போட்டு, லண்டன் மேயர் மூலமா பொதுஜனங்ககிட்ட நிதி கேட்டாங்க. முன்ன நின்னது கவர்னர் பக்கிங்காம். வைஸ்ராய் லிட்டனுக்கு இது பிடிக்கல. சர்க்கார் நடக்கிற வழிக்குத் தனியார் தர்மம் இடைஞ்சல்னு அவர் எண்ணம். ஆனாலும் சில மாசத்துல 8 லட்சம் பவுண்டுக்குக் கிட்ட சேர்ந்துச்சு. குடுத்தவங்க முக்கால்வாசிப் பேர் மதராஸ் எங்க இருக்குன்னே பார்க்காதவங்க. இந்த நிதிக்குச் செயலாளரா இருந்த வில்லியம் டிக்பி, 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர், 1878-ல் ரெண்டு பாகமா ஒரு புத்தகம் எழுதினார். பஞ்சத்தைப் பத்தி நமக்குத் தெரியறதுல பெரும்பகுதி அதுல இருந்துதான்.

சரி, இதுல நண்பனுக்கு என்ன பதில்?

நம்ம பாஷையில சொல்றேன். ஸ்பாம் ஃபில்டர் எழுதினவங்களுக்குத் தெரியும், தப்பு ரெண்டு விதம். குப்பை மெயிலை உள்ள விடறது ஒண்ணு, நல்ல மெயிலைக் குப்பையில போடறது இன்னொண்ணு. ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு கூடும். ரெண்டையும் பூஜ்யம் ஆக்குற ஃபில்டரை யாரும் எழுதினது இல்ல. அதனால எந்தத் தப்புக்கு விலை அதிகம்னு முதல்ல முடிவு பண்ணணும். பேங்க்ல இருந்து வர்ற மெயில் குப்பைக்குப் போனா உங்களுக்கு நஷ்டம். லாட்டரி மெயில் உள்ள வந்தா ஒரு கிளிக்ல அழிச்சுடலாம்.

டெம்பிள் வெச்சதும் ஒரு ஃபில்டர்தான். ஏமாத்துறவன் ஒருத்தன் கூட உள்ள வரக்கூடாதுன்னு டியூன் பண்ணின ஃபில்டர். வேலை பார்த்திருக்கும், நான் மறுக்கல. ஏமாத்துறவன் எவனும் ஒரு பவுண்டு அரிசிக்காகப் பத்து மைல் நடந்து வந்து கல்லு உடைச்சிருக்க மாட்டான். ஆனா நடக்க முடியாதவனும் வரல. இந்த ஃபில்டரோட ஒரு குணம் - ஏமாத்துறவன் உள்ள வந்தா சர்க்கார் கணக்குல செலவாத் தெரியும், பசிச்சவன் வெளியே நின்னா எந்தக் கணக்குலயும் தெரியாது. நாம சிக்னல்ல கண்ணாடியை ஏத்திக்கிறப்பவும் இதேதான். ஏமாந்தா பத்து ரூபா போச்சுன்னு மனசு உறுத்தும். ஏமாத்தாதவனை விட்டுட்டுப் போனா ஒண்ணும் உறுத்தாது, ஏன்னா அது நமக்குத் தெரியவே போறதில்ல.

"அது பஞ்சம்டா, இப்ப அப்படியா"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா டெஸ்ட் பஞ்சத்தோட போகல. சென்னை மாகாணப் பிச்சை தடுப்புச் சட்டம்னு ஒண்ணு 1945-ல் வந்தது. யுத்த காலம், மந்திரிசபை இல்லாம கவர்னர் ஆட்சி நடந்த நேரம். பொது இடத்துல பிச்சை கேட்டா வாரண்ட் இல்லாமலே பிடிச்சு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தலாம், இல்லத்துல அடைக்கலாம். சுதந்திரம் வந்துச்சு, மாகாணம் தமிழ்நாடு ஆச்சு, சட்டத்தோட பேரை மாத்தினாங்க. மணிமேகலையில சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமா மாத்தின கதை வரும். நாம தலைகீழா அறக்கோட்டத்தைச் சிறைக்கோட்டம் ஆக்கிட்டோம்.

1959-ல் வந்த பம்பாய்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேல. தெருவுல பாடுறது, ஆடுறது, ஜோசியம் பார்க்கிறது, வித்தை காட்டுறது எல்லாமே பிச்சை. டெல்லிக்கும் அதை நீட்டிச்சிருந்தாங்க. 2018 ஆகஸ்ட்ல டெல்லி உயர் நீதிமன்றம் அங்க அதோட முக்கியப் பிரிவுகளை ரத்து பண்ணிச்சு. வழக்கு போட்டதுல ஒருத்தர் ஹர்ஷ் மந்தர். 2021-ல் கொரோனா நேரத்துல சிக்னல்ல பிச்சைக்காரங்களைத் தடுக்கச் சொல்லி ஒரு மனு உச்ச நீதிமன்றம் போச்சு. வசதியானவங்க பார்வையில இதைப் பார்க்க மாட்டோம், வேற வழி இல்லாமத்தான் கேக்கறாங்கன்னு சொல்லிட்டாங்க.

இவ்வளவு சொன்னேன்ங்கிறதுக்காக, கண்ணை மூடிக்கிட்டு எல்லாருக்கும் அள்ளிக் குடுன்னு நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க. யோசிக்காம குடுத்தும் ஆளைக் கொல்லலாம். 2005 வெள்ளத்தப்போ நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 2000 ரூபாயும் அரிசியும். அந்த வருஷம் நவம்பர்ல வியாசர்பாடி நெரிசல்ல 6 பேர் செத்தாங்க. ஒரு மாசம் கழிச்சு, டிசம்பர் 18 விடியக்காலையில எம்.ஜி.ஆர். நகர் பள்ளிக்கூட வாசல்ல டோக்கன் வாங்கக் காத்திருந்த கூட்டத்துல 42 பேர். வரிசையில நின்ன இடத்துலயே. பணம் இருந்துச்சு, குடுக்கிற மனசும் இருந்துச்சு, எப்படிக் குடுக்கிறதுன்னு யோசிக்க ஆளில்ல.

அதுக்கு முந்தின வருஷம் சுனாமி. நான் அப்ப ரெண்டாம் கிளாஸ், எனக்கு நினைவு இருக்கறது ரொம்பக் கொஞ்சம். வீட்டுல மூட்டை கட்டின பழைய துணி ஞாபகம் இருக்கு. ஊர் முழுக்க இப்படித்தான் மூட்டை கட்டி அனுப்பி, கடைசியில வாங்கிக்க ஆளில்லாம ரோட்டோரம் குவிஞ்சு கிடந்தது. வீடு போனாலும், அடுத்தவங்க கட்டிக் கிழிச்ச சேலையை எடுத்துக் கட்டிக்க நொச்சிக்குப்பத்து அக்காவுக்கோ நாகப்பட்டினத்து அம்மாவுக்கோ ஏன் மனசு வரணும்? கூஞ்ச் அமைப்பு அந்தத் துணிகளை எடுத்துத் தரம் பிரிச்சு வேற உபயோகத்துக்குக் கொண்டு வந்துச்சு. காசா குடுத்திருந்தா அவங்களே வேண்டியதை வாங்கியிருப்பாங்க. ஆனா காசு குடுக்கத்தான் நமக்குப் பயம்: குடிச்சுடுவாங்களாம். உலக வங்கிக்காக எவன்ஸ், போபோவான்னு ரெண்டு பேர் 2014-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஏழைகளுக்குப் பணமா குடுத்ததால குடி, புகையிலைச் செலவு கூடினதா பொதுவா ஆதாரம் இல்லைன்னுதான் வந்துச்சு. இது திட்டம் போட்டுக் குடுத்த பணத்தைப் பத்தினது, சிக்னல்ல குடுக்கிற பத்து ரூபாயைப் பத்தினது இல்லை, அதையும் சொல்லிடணும்.

நொச்சிக்குப்பத்துல நான் வழக்கமா வாங்குற அக்கா கடைக்கு ஒரு பாட்டி வருவாங்க. பேச மாட்டாங்க, கவரை மட்டும் நீட்டுவாங்க. அக்கா பாட்டுக்கு எனக்கு எடை போட்டுக்கிட்டே ரெண்டு சங்கராவை அதுல போட்டுடும். "தெரிஞ்சவங்களாக்கா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "யாருக்குத் தெரியும் தம்பி, எந்த ஊரோ. கடலுக்குப் போற வூடு இது. நாளைக்கு யாரு யாருகிட்ட கேக்கணுமோ"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு மீன் ஆயப் போயிடுச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைக் கடற்கரை மீனவங்க படகைத் தூக்கிட்டு வந்து அபார்ட்மென்ட்காரங்களை இறக்கினப்பவும் யார்கிட்டயும் ஆதார் கேட்டதா நான் கேள்விப்படல.

அக்கா மாதிரி எனக்கு வராது, நான் கணக்குப் பார்க்கிற ஆளு. கலங்கரை விளக்கம் பஸ் ஸ்டாப்புல ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், "தம்பி, கடலூர் போகணும், பர்ஸை அடிச்சுட்டாங்க"ன்னு கேட்டார். குடுத்தேன். மூணு வாரம் கழிச்சு அதே ஆள், அதே கடலூர். நண்பன்கிட்ட இதைச் சொன்னதும் அவனுக்கு ஒரே குஷி, கேஸ் முடிஞ்சுதுன்னுட்டான். எனக்கு அப்படித் தோணல. கடலூர் பொய். ஆனா "பசிக்குது"ன்னு சொன்னா நாம நிக்க மாட்டோம், "பர்ஸ் போச்சு"ன்னாத்தான் நிப்போம். ஏன்னா பர்ஸ் தொலைச்சவன் நம்மள மாதிரி ஆளு, பசிச்சவன் வேற ஆளு. அந்தப் பொய்யை அவர் எழுதல, நம்ம டெஸ்ட் எழுத வெச்சிருக்கு. திருக்குறள்ல இரவுன்னு ஒரு அதிகாரம், அடுத்ததே இரவச்சம். கேக்கறது எவ்வளவு கூசும்னு வள்ளுவர் பக்கம் பக்கமா சொல்றார். அந்தக் கூச்சத்துக்கு ஒரு மறைப்பு வேணும், அதுக்குக் கடலூர்.

ரெண்டாவது தடவை சும்மா இருபது ரூபா குடுத்தேன், "கடலூர் வேணாம் சார், சாப்பிடுங்க"ன்னேன். சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. வாங்கிட்டுப் போயிட்டார்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நண்பன் கட்சி: குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டோ, குழந்தைகளையே விட்டோ கேட்டா நான் காசு குடுக்கறதில்ல. அங்க நான் குடுக்கற பத்து ரூபா, நாளைக்கும் அந்தக் குழந்தையை வெயில்ல நிக்க வைக்கிற கூலி ஆயிடலாம். பிஸ்கட் வாங்கிக் குடுப்பேன், 1098-க்குப் போன் போடுவேன். போன தடவை போட்டப்ப லொகேஷன் கேட்டாங்க, சொன்னேன். அவங்க வர்றதுக்குள்ள சிக்னல் மாறி அந்தப் பொண்ணு குழந்தையோட ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் போயிடுச்சு.

பஞ்ச காலத்துல ஹூப்பர்னு ஒரு ராணுவ அதிகாரி எடுத்த ஃபோட்டோக்கள் இருக்கு, எலும்பும் தோலுமா வரிசையா உட்கார வெச்சு எடுத்தது. படம் எடுத்தவர் அவங்களுக்கு என்ன குடுத்தார்ங்கிறது அப்பவே பெரிய சர்ச்சை. அதைத் தனிப் பதிவா போடணும். கால்வாய் வெட்டினதைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கதை கேட்டு வெச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, முக்கியமா மந்தைவெளி, திருவல்லிக்கேணி ஆளுங்க.